“ஓய்வுக்கு அஞ்சு வருஷம்தானே, உங்களுக்கு எதற்கு டிரெயினிங்?”

#1 பழைய_டர்னர்

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிற ஆள். எழுதுவது இது இரண்டாவது தடவை. வயது 53. ஐடிஐ டர்னர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷினிங் யூனிட்டில் 29 வருஷம். கையால் ஓட்டும் லேத்தில் ஆரம்பித்தவன். சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், வந்தபோது யாரும் சொல்லாமலே மேனுவலை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி ராத்திரி அதற்குக் கட்டளை எழுதும் ஜி-கோட் மனப்பாடம் செய்தேன். அப்போது 32 வயது, கைக்குழந்தை வேறு.

போன மாதம் ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின் ஒன்று வாங்குவதாக முடிவானது. மெஷின் கம்பெனிக்காரர்கள் பெங்களூரில் பத்து நாள் டிரெயினிங் கொடுக்கிறார்கள். நாலு பேர் பெயர் போர்டில் ஒட்டியிருந்தது. நாலு பேருமே முப்பதுக்குக் கீழே. மேனேஜரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்துவிட்டுத்தான் சொன்னார், தலைப்பில் இருக்கிற அந்த வரியை.

அதிலிருந்து என்னையே நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் 4:30-க்கு சைரன் அடித்தாலும் மெஷினைத் துடைத்து, எந்த இன்சர்ட் (வெட்டும் முனை) எத்தனை பீஸ் ஓடியிருக்கிறது என்று அடுத்த ஷிப்ட் பையனிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப 5 ஆகிவிடும். இப்போது 4:32-க்கு வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுகிறேன். "என்ன, இப்பல்லாம் சீக்கிரம் வந்துடறீங்க" என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

வயசானால் ஆர்வம் போய்விடும் என்பது உண்மைதானா? இல்லை எனக்கு வேறு ஏதாவதா? இதைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

#2 கோட்_குமாரன்

அண்ணே, ஐடியில் அந்த வசனத்தை நாற்பதிலேயே கேட்டுவிடலாம். டீ கூடக் கிடைக்காது.

#3 ஆய்வுப்பூனை

சார், நான் வேலை உளவியலில் பிஎச்டி செய்துகொண்டிருக்கிறேன், ஏறக்குறைய உங்கள் கேள்விதான் என் தலைப்பு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதான தொழிலாளிகளைப் பற்றி ஊர் உலகம் சொல்லும் ஆறு விஷயங்களை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2012-ல் இங், ஃபெல்ட்மன் என்ற இருவர் சரிபார்த்தார்கள். ஆர்வம் குறைவு, மாற்றத்தை எதிர்ப்பார்கள், யாரையும் நம்பமாட்டார்கள், உடம்பு சரியிருக்காது, வீட்டு வேலை ஆபீஸ் வேலையில் குறுக்கிடும், பயிற்சிக்கும் முன்னேற்றத்துக்கும் வரமாட்டார்கள். இதுதான் அந்த ஆறு. கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் தரவில் ஆதாரம் கிடைத்தது. மற்ற ஐந்தும் நிற்கவில்லை, ‘ஆர்வம் குறைவு’ உட்பட.

அந்தக் கடைசி ஒன்றும் நேரான விஷயமில்லை. வயதானவர்கள் பயிற்சிக்கு வர மனமில்லாமல் இருக்கிறார்கள் என்று தரவு சொல்லும். அவர்களை எத்தனை தடவை போர்டில் பெயர் போடாமல் விட்டதற்குப் பிறகு மனம் இல்லாமல் போனது என்பதை அதே தரவு சொல்லாது. நீங்கள் கேட்டுக்கொண்டு போனீர்கள். அடுத்த தடவை கேட்பீர்களா?

அப்புறம், ஆர்வம் என்பது ஒரே டாங்க்கில் இருக்கிற தண்ணீர் இல்லை, மட்டம் ஏறும் இறங்கும் என்று பார்ப்பதற்கு. 2011-ல் கோயி என்ற டச்சு ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதே மாதிரி பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வயது கூடக்கூடச் சம்பளம், பதவி, மேலே மேலே வளர்வது ஆகியவற்றின் இழுப்பு கொஞ்சம் குறைகிறது. வேலை தன்னளவில் சுவையாக இருக்க வேண்டும், என் திறமை அதில் பயன்பட வேண்டும் என்பது கூடுகிறது. அதாவது இன்சென்டிவை ஆட்டிக் காட்டினால் ஓடிவர மாட்டார், நல்ல ஜாப் கொடுத்தால் சாப்பாட்டு மணி அடித்ததுகூடத் தெரியாமல் நிற்பார்.

#4 டார்கெட்_தலைவலி

நான் அந்த மேனேஜர் இல்லை, ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவன், வயது 36. எல்லோரும் சேர்ந்து மேனேஜரை அடிக்கும் முன்னால் அவர் பக்கக் கணக்கையும் கேளுங்கள். பத்து நாள் டிரெயினிங் என்றால் ஆள் பத்து நாள் ஃப்ளோரில் இல்லை, தங்க இடம், படி, இதெல்லாம் போக மெஷினைக் கையில் பிடித்து உருப்படியாக ஓட்ட இன்னும் ஆறு மாதம். 28 வயதுப் பையனிடம் அதைப் போட்டால் முப்பது வருஷம். 53-ல் போட்டால் நாலரை. என் மேலே இருப்பவர் எக்செல் ஷீட்டைத் திறந்தால் நான் என்ன பதில் சொல்வேன்? இதில் அவமரியாதை எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான்.

நைட் ஷிப்டும் இருக்கிறது. ஐம்பது தாண்டியவர்களை நைட் போட்டால் காலை நாலு மணிக்கு ரிஜெக்ஷன், அதாவது கழித்துப் போடும் பீஸ், ஏறுகிறது என்பது என் அனுபவம். வெளியே சொன்னால் கெட்டபெயர்.

#5 பழைய_டர்னர்

தம்பி, கோபமில்லை. உங்கள் கணக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால் டர்ன்-மில் மெஷின் வந்தபோது இதே மாதிரி நாலு பையன்களை அனுப்பினார்கள். ஒருவன் எட்டாவது மாதம் ஒரகடத்துக்குப் போய்விட்டான், இரண்டாமவன் பதினாலாவது மாதம் துபாய். மூன்றாமவன் சொந்தமாக ஜாப் வொர்க் எடுக்கிறான், நன்றாக இருக்கட்டும். மீதி ஒருவன். முப்பது வருஷம் என்று எந்த ஷீட்டில் போட்டீர்கள்? நாலரை வருஷம் நான் எங்கேயும் போகமாட்டேன் என்று எழுதியே கொடுக்கிறேன்.

#6 டார்கெட்_தலைவலி

சரி, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். பாயிண்ட் உங்களுக்கு. நைட் ஷிப்ட் விஷயத்தில் விடமாட்டேன்.

#7 ஆய்வுப்பூனை

தப்பு, ரிஜெக்ஷன் என்று வந்துவிட்டதால் ஒன்று. ஜெர்மனியில் ஒரு லாரித் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில், எந்த அணி எந்த நாளில் என்ன தப்பு செய்தது என்ற பதிவுகளை வைத்து பொர்ஷ்-சூபன், வைஸ் இருவரும் ஆராய்ந்தார்கள். பெல்ட் ஓடுகிற வேகம் எல்லோருக்கும் ஒன்று, அதனால் யார் தப்பு செய்கிறார்கள் என்பதுதான் உற்பத்தித்திறனின் அளவு. அறுபது வரை வயதோடு திறன் விழுவதாகத் தெரியவில்லை. பெரியவர்கள் சின்னத் தப்புகளைச் சற்று அதிகம் செய்தார்கள், பெரிய இழப்பு வைக்கிற தப்புகளை அதிகம் செய்யவில்லை. கையை எங்கே வைக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 1984-ல் சால்ட்ஹவுஸ் என்பவர் தட்டச்சு செய்பவர்களைச் சோதித்தார், 19 வயதிலிருந்து 70 தாண்டியவர்கள் வரை. விளக்கு எரிந்ததும் பட்டனைத் தட்டு என்கிற மாதிரி வேகச் சோதனையில் பெரியவர்கள் மந்தம். ஆனால் பக்கத்தைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னால் வேகத்தில் வித்தியாசம் இல்லை. எப்படி என்று பார்த்தால், விரல் ஒரு எழுத்தில் இருக்கும்போது அவர்கள் கண் இளையவர்களின் கண்ணைவிட இன்னும் பல எழுத்துகள் தள்ளி முன்னால் போயிருக்கிறது! காகிதத்தில் அடுத்துத் தெரியும் எழுத்துகளை மறைத்து ஒவ்வொன்றாகக் காட்டினால்தான் அவர்கள் வேகம் விழுந்தது. விரல் இழந்ததைக் கண் ஈடுகட்டியிருக்கிறது, யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பால்டெஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதற்கு பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைனை உதாரணம் சொல்வார். எண்பது வயதில் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: குறைவான உருப்படிகளை எடுத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதி வரும் முன்னால் கொஞ்சம் நிதானமாக வாசிக்கிறேன், அப்போது வேகம் கேட்பவருக்கு வேகமாகவே தெரியும். நம் ஊர்க் கச்சேரியில் வயதான வித்வான் எங்கே பிருகா போடுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்தவர்களுக்கு இது புதிதில்லை.

#8 பழைய_டர்னர்

அந்தத் தட்டச்சு விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என் கதையே அதுதான்.

எனக்கு இப்போது வெர்னியர் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. டிஜிட்டல் கேட்டு எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆயிற்று, மொபைல் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஆனால் இன்சர்ட் தேய ஆரம்பித்தால் அளந்து பார்க்கும் முன்னாலேயே தெரிந்துவிடும். சீராக ஒரு ‘ஸ்ஸ்’ சத்தம் வந்துகொண்டிருக்கும், அதில் லேசாக ஒரு கரகரப்பு சேரும். கமா மாதிரி குட்டி குட்டியாக உடைந்து விழுந்த சிப்ஸ் நீளச் சுருளாக வர ஆரம்பிக்கும். அதற்கு அப்புறம் பத்து பீஸுக்குள் போர் சைஸ், அதாவது துளையின் அளவு, குறைந்துவிடும். நான் அதற்குள் ஆஃப்செட் கொடுத்து அளவைச் சரிசெய்துவிடுவேன். பக்கத்து மெஷின் பையன் நல்ல பையன், புத்திசாலி, என்னைவிட ப்ரோகிராம் வேகமாகப் போடுவான். அளவு பார்க்கும் கேஜ் துளைக்குள் போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்துவான். அதற்குள் ஏழெட்டு பீஸ் போயிருக்கும்.

இதை எல்லாம் நான் ஷிப்ட் மாறும் அந்த அரை மணி நேரத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது 4:32.

#9 ஆய்வுப்பூனை

சார், ‘4:32’ பற்றி நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டில் லாரா கார்ஸ்டென்சன் என்பவரின் கோட்பாடு ஒன்று. மனிதர்களின் நாட்டம் மாறுவது வயதால் இல்லை, முன்னால் இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று நினைக்கிறோமோ அதனால். காலம் நிறைய இருப்பதாகத் தோன்றினால் புதியதைத் தேடுவோம், புது ஆட்கள், புதுக் கல்வி. குறைவாகத் தோன்றினால் கையில் இருக்கும் நெருக்கமானதைப் பிடித்துக்கொள்வோம். இதைச் சோதிக்க, அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாரோடு இருப்பீர்கள் என்று கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவரா, புதிதாகப் பழக்கமான ஒருவரா, நீங்கள் படித்த புத்தகத்தை எழுதியவரா? பெரியவர்கள் குடும்பத்தின் பக்கம் சாய்வார்கள், இளையவர்கள் அப்படி இல்லை. ஆனால் 1997-ல் ஹாங்காங் சீனாவின் கைக்குப் போகப்போகிற சமயத்தில் அங்கே கேட்டபோது இளைஞர்களும் பெரியவர்கள் மாதிரியே பதில் சொன்னார்கள். ஒப்படைப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் பழைய வித்தியாசம் திரும்ப வந்துவிட்டது. ஏதோ ஒன்று முடியப்போகிறது என்ற நினைப்பு மட்டுமே இருபது வயதுக்காரர்களை அறுபது மாதிரி ஆக்கியிருந்தது.

இப்போது உங்கள் மேனேஜர் சொன்ன வரியைத் திரும்பப் படியுங்கள். அவர் உங்களுக்கு ஒரு தகவலைச் சொல்லவில்லை. உங்களுக்கு 53 என்று உங்களுக்கே தெரியும். அவர் செய்தது, உங்கள் முன்னால் இருந்த பாதையில் ஒரு சுவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதுவரை நாலரை வருஷம் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்களா?

ட்ஸாகர், ஃப்ரேசே என்ற இருவர் 2009-ல் இதையே வேலையிடத்தில் பார்த்தார்கள். வயது கூடக்கூட ‘இங்கே எனக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது’ என்ற எண்ணம் குறைகிறதுதான். ஆனால் சிக்கலான வேலையும், அதை எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுக்கும் சுதந்திரமும் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் அதிகமாகவே இருந்தது. என் கருத்து: ஆர்வம் போனதால் உங்களுக்குப் பயிற்சி கிடைக்காமல் இல்லை. பயிற்சி கிடைக்காது என்று ஆனதால் ஆர்வம் கிளம்பிப் போயிருக்கிறது, 4:32-க்கு.

#10 பழைய_டர்னர்

எண்ணவில்லை. சத்தியமாக எண்ணவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் காலண்டரைப் பார்த்தேன்.

#11 தேக்காவாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பராமரிப்புத் தொழில்நுட்பர், 64 வயது, இன்னும் வேலையில் இருக்கிறேன். இங்கே 2022 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 63, மறுவேலை வயது 68. 2026 ஜூலையில் 64, 69. 2030-க்குள் 65, 70 என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இதைக் கேட்டால் "ஆகா, அங்கெல்லாம் சட்டமே இருக்கு" என்பார்கள். இருக்கிறது. வயதைக் காட்டி அந்த வயதுக்கு முன் அனுப்ப முடியாது, அது நல்லது. ஆனால் மறுவேலை என்பது பழைய வேலை நீள்வது இல்லை, புது ஒப்பந்தம். ஒரு வருஷம், ஒரு வருஷமாகப் போடலாம், வேலையையும் சம்பளத்தையும் பேசி மாற்றலாம். எனக்கு அதே வேலை, அதே பம்ப் ரூம், அதே படிக்கட்டு, சம்பளம் மட்டும் குறைவு. கேட்டால் "மார்க்கெட் ரேட் அங்கிள்". ஒவ்வொரு ஒப்பந்தம் முடிகிற மாதமும் தூக்கம் வராது. அந்தப் பூனைப்பிள்ளை சொல்கிற சுவர் எனக்கு வருஷா வருஷம் வருகிறது.

ஒன்று நல்லது சொல்ல வேண்டும். 2024 மே மாதம் நாற்பதும் அதற்கு மேலும் வயதான குடிமக்கள் எல்லோருக்கும் படிப்புக்கென்று ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். நான் பிஎல்சி, அதாவது மெஷினை இயக்கும் கண்ட்ரோலர், படிக்கப் போனேன். வகுப்பில் என் மகன் வயதில் பிள்ளைகள். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் ஸ்லைடை ஓட்டிக்கொண்டே போவார். மூன்றாவது வாரம் நிஜமான பேனலைத் திறந்து ஒயரைக் காட்டினார்கள். அப்போது பிள்ளைகள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் வேறாக இருக்க வேண்டும், தலையில் ஏறாது என்பதெல்லாம் இல்லை.

#12 டார்கெட்_தலைவலி

ஐயா, இதுதான் நான் சொல்வது. சட்டம் போட்டால் கம்பெனி வேறு வழியில் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஜப்பானிலும் இதே கதை என்று படித்தேன்.

#13 ஆய்வுப்பூனை

ஆமாம். அங்கே பெரும்பாலான கம்பெனிகளில் ஓய்வு வயது 60-தான், ஆனால் விரும்புகிறவர்களை 65 வரை வைத்துக்கொள்ள வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து 70 வரை வைத்துக்கொள்ள முயற்சியாவது செய்ய வேண்டும் என்று சட்டம். ஓய்வுபெற்று மறுபடி சேர்ந்த மூன்று லாரி ஓட்டுநர்கள், அதே லாரி, அதே ரூட், சம்பளம் மட்டும் ஏன் குறைவு என்று வழக்குப் போட்டார்கள். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குப் பின் சேர்ந்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம், பெரும்பாலான வித்தியாசம் நியாயமற்றது இல்லை என்றது. விடுப்பே எடுக்காமல் வந்தால் தரும் படியை மட்டும் கொடுக்கச் சொன்னது. லீவு போடாமல் வருவதற்கு வயது வித்தியாசம் கிடையாது பாருங்கள்.

#14 நைட்_டியூட்டி

ஆர்வம், ஆர்வம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். நான் 51 வயது ஸ்டாஃப் நர்ஸ், தனியார் ஆஸ்பத்திரி. ஆர்வம் குறையவில்லை. முழங்கால்தான் குறைந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேர நைட், பேஷண்டைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒருத்தி. மருந்து ட்ராலியின் அடி டிராயரில்தான் ஐவி செட் எல்லாம், ஒரு நைட்டுக்கு எத்தனை தடவை குனிகிறேன் என்று ஒருநாள் எண்ண ஆரம்பித்து எழுபதோடு விட்டுவிட்டேன். மெனோபாஸ் நேரம், ஏசி வார்டிலும் முதுகு நனைந்து போகும், இதை யாரிடம் சொல்வது? ஓபிக்கு மாற்றக் கேட்டேன். "உங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பாங்க சிஸ்டர்" என்றார்கள். கேட்கட்டுமே!

வெயினே கிடைக்காத குழந்தைக்கு லைன் போட ராத்திரி இரண்டு மணிக்கு என்னைத்தான் மூன்று மாடி ஏறி வந்து கூப்பிடுவார்கள். அதற்கு வயது பார்க்க மாட்டார்கள்.

#15 ஆய்வுப்பூனை

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வாழ்நாளில் வேலை செய்யும் திறன் உச்சத்தில் இருந்த காலத்துக்குப் பத்து மார்க் என்றால் இன்றைக்கு எத்தனை போடுவீர்கள்?

ஃபின்லாந்துக்காரர்கள் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளில் முதல் கேள்வி இது. வேலைத்திறன் குறியீடு என்று பெயர், மொத்தம் 7 முதல் 49 வரை. 27 வரை வந்தால் மோசம், 44-க்கு மேல் பிரமாதம். யூஹானி இல்மாரினென் குழு 1981-ல் தொடங்கி நகராட்சித் தொழிலாளர்களை 11 வருஷம் பின்தொடர்ந்தது. ஐம்பதிலிருந்து அறுபதை ஒட்டிய வயதில் பலருக்கு மார்க் விழுந்தது, ஆனால் சிலருக்கு ஏறவும் செய்தது. யாருக்கு ஏறியது என்று தேடிப்போனால், மேலதிகாரி நடந்துகொள்ளும் விதம் நல்லதாக மாறியவர்களுக்கு. அதோடு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தவர்களுக்கு, ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு. விட்டமின் மாத்திரை, ‘ஊக்கப் பேச்சு’ இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

#16 நைட்_டியூட்டி

ஆறரை. இன்சார்ஜ் மாறினால் எட்டு.

#17 கோட்_குமாரன்

அக்கா 😂 பூனையின் பிஎச்டியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

#18 கோப்பு_எண்_17

எனக்கு இந்த இழை முழுக்க எரிச்சல்தான் வருகிறது, மன்னிக்கவும். ஏழு வருஷமாக டிஎன்பிஎஸ்சி எழுதுகிறேன். 2020 மே மாதம் அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. அந்த இரண்டு வருஷமும் காலியாகியிருக்க வேண்டிய நாற்காலிகள் காலியாகவில்லை. எனக்கு அப்போது 27. வயதானவர்களின் ஊக்கத்தைப் பற்றி இத்தனை ஆய்வு இருக்கிறது, காத்திருப்பவனின் ஊக்கத்தைப் பற்றி இருக்கிறதா?

#19 ஆய்வுப்பூனை

நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் சொல்கிறேன். பன்னிரண்டு பணக்கார நாடுகளின் பல வருஷத் தரவை குரூபர், வைஸ் தலைமையில் 2010-ல் பார்த்தபோது, பெரியவர்கள் அதிகம் வேலையில் இருந்தால் இளைஞர்களுக்கு வேலை குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு நாட்டில் மொத்த வேலை என்பது அளந்து வைத்த சோறு இல்லை. ஆனால் 2011 கடைசியில் இத்தாலி ஓய்வு வயதைத் திடீரென்று தள்ளிவைத்தபோது, எந்த நிறுவனங்களில் பெரியவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்களோ அங்கே இளைஞர்களை எடுப்பது குறைந்தது. நாட்டுக்கு உண்மையாக இருப்பது ஒரு ஆபீஸுக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அரசுப் பணியிடமோ எண்ணி வைத்த நாற்காலி. உங்கள் எரிச்சல் கணக்குப்படியே சரி.

#20 வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் இதைத் தலைகீழாகவும் பார்த்தோம். 2022-க்கான பட்ஜெட்டில் அரச ஊழியருக்கு 65 வரை என்றார்கள். அந்த வருஷமே நெருக்கடி வர, 60 என்று திருப்பினார்கள், 2023 ஜனவரி 1 முதல். அறுபதைத் தாண்டி இருந்தவர்கள் எல்லோரும் 2022 டிசம்பர் 31-ஆம் திகதி ஒரே நாளில் வெளியே. எங்கட கந்தோரில் காணிக் கோப்புகள் பார்த்தவர் அன்றைக்குப் பின்னேரம் போனார். எந்த அலுமாரியில் எந்த வருஷம் என்பது அவருடைய தலையில்தான் இருந்தது, வேறு எங்கும் இல்லை. மூன்று மாதம் நாங்கள் அவருடைய வீட்டுக்கு சைக்கிளில் போய்க் கேட்டுக் கேட்டு வந்தோம். தேத்தண்ணி தந்து சொல்லித் தந்தவர், பாவம். தம்பிக்கு நாற்காலி வேணும், சரிதான். ஆனால் நாற்காலியைக் கையளிக்க ஆறு மாதமாவது இருவரும் ஒரே அறையில் இருக்க வேணும்.

#21 கோப்பு_எண்_17

அப்படி ஆறு மாதம் ஒரே அறையில் என்றால் நான் இன்றைக்கே வரத் தயார் அண்ணை. கூப்பிடத்தான் ஆளில்லை.

#22 மேஸ்திரி_மகள்

படித்துக்கொண்டே வந்தேன். என் அப்பாவுக்கு 61, கொத்தனார் வேலைதான் கடைசி வரை என்கிறார். இங்கே பேசுவது எல்லாம் பிஎஃப் பிடிக்கிற வேலைகளைப் பற்றி. அப்பாவுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது, அதனால் ‘ஓய்வுக்கு முன் உந்துதல்’ என்றும் ஒன்று கிடையாது. சாரத்தில் ஏற முடிகிற வரை ஏறுவார். போன வருஷம் தலைசுற்றல் வந்த பிறகு ஏறுவதில்லை, கீழே நின்று லெவல் பார்க்கிறார், தூக்குக்குண்டு பிடிக்கிறார், பூச்சு வேலையில் பையன்களைத் திருத்துகிறார். கூலி அதே கூலிதான், ஏனென்றால் மேஸ்திரி என் தாய்மாமா. மாமா இல்லாத இடத்தில் அவருக்கு அந்த வேலையே இல்லை.

பிஎஃப் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன், 2014-லிருந்து குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு 58-ல் யார் ஓய்வு பெறுகிறார்கள்? ‘ஏன் இன்னும் வேலை செய்கிறீர்கள்’ என்று ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டால் அப்பா சிரிப்பார்.

#23 ஆய்வுப்பூனை

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ‘நீடித்த பணிவாழ்க்கை’ என்று இப்போது ஐரோப்பாவில் நிறைய எழுதுகிறார்கள். டி வோஸ், வான் டெர் ஹெய்டன், அக்கர்மன்ஸ் மூவரும் 2020-ல் அதற்கு மூன்று அளவுகோல் வைத்தார்கள்: உடல்நலம், மகிழ்ச்சி, உற்பத்தித்திறன். மூன்றும் நீண்ட காலத்துக்கு ஒன்றையொன்று தின்னாமல் இருக்க வேண்டும். உங்கள் அப்பா விஷயத்தில் தாய்மாமா செய்தது அச்சு அசலாக அதுதான். சாரத்திலிருந்து இறக்கினார், கண்ணையும் அனுபவத்தையும் வேலையில் வைத்துக்கொண்டார், கூலியைக் குறைக்கவில்லை. எங்கள் கட்டுரைகளில் அதற்குப் பெரிய பெரிய பெயர். ஆனால் அது ஒரு உறவுக்காரர் மனதைப் பொறுத்து நிற்கிறது என்று நீங்கள் சொன்ன வாக்கியத்தை என் ஆய்வேட்டில் எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன்.

#24 டார்கெட்_தலைவலி

சரி, நான் நல்லவனாக மாற முடிவு செய்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும்? கோட்பாடு வேண்டாம். காசு எவ்வளவு ஆகும்?

#25 ஆய்வுப்பூனை

பிஎம்டபிள்யூ கதை. டிங்கோல்ஃபிங் ஆலை, 2007. பத்து வருஷத்தில் தொழிலாளர்களின் சராசரி வயது 39-லிருந்து 47-க்கு ஏறப்போகிறது என்று பார்த்தார்கள். பின் அச்சு கியர்பாக்ஸ் லைன் ஒன்றில் 42 பேரை, சராசரி 47 வருகிற மாதிரி, 2017-ல் ஆலை எப்படி இருக்குமோ அப்படி நிறுத்தினார்கள். மற்றவர்கள் அதை ‘பென்ஷன் லைன்’ என்று கிண்டல் செய்தார்கள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது, எதை மாற்றலாம் என்று லைனில் நிற்பவர்களையே கேட்டார்கள். சிமென்ட் தரைக்குப் பதில் மரத்தரை. எடைக்குத் தகுந்த செருப்பு. சிறிய பாகங்களைப் பார்க்க பூதக்கண்ணாடி. ஏற்றி இறக்கும் மேசை. சில இடங்களில் உட்கார்ந்து செய்ய நாற்காலி, அது முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி. ஷிப்டுக்குள்ளேயே இடம் மாற்றி மாற்றி நிற்பது. மொத்தம் 70 மாற்றங்கள், அவற்றுக்கான நேரடிச் செலவு 20,000 யூரோ அளவில், கூட்டம் போட்டுப் பேசிய நேரத்தையும் சேர்த்தால் 40,000. ஒரு வருஷத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது, வராமல் போகிறவர்கள் 7 சதவீதத்திலிருந்து 2-க்கு வந்தார்கள். கிண்டல் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கட்டுரையில் இல்லை, எனக்கு அதுதான் ஆசை.

#26 டார்கெட்_தலைவலி

அது ஜெர்மனி, அங்கே தரையைப் பெயர்க்க கேட்டால் கொடுப்பார்கள். நாற்காலி கேட்டால் என்னை எங்கள் ஆள் உட்காரவைத்து அனுப்பிவிடுவார். ஆனால் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்பதற்கு அனுமதி வேண்டாம். அதைச் செய்கிறேன். நைட் ஷிப்ட் ஆட்களிடம் முதலில்.

#27 பழைய_டர்னர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். லிஸ்ட் மாறவில்லை. நாலு பையன்களும் பெங்களூர் போய் வந்துவிட்டார்கள். மெஷின் வந்து இறங்கிவிட்டது. இன்ஸ்டால் செய்ய வந்த என்ஜினியர் ஆறு நாள் இருந்தார். என் மெஷினை ஓடவிட்டு அவர் பக்கத்தில் போய்ப் போய் நின்றேன், அவரும் சலிக்காமல் சொன்னார். பக்கத்து மெஷின் பையன் சாப்பாட்டு நேரத்தில் மெஷினுக்கு ப்ரோகிராம் போடும் கேம் (CAM) சாஃப்ட்வேரை லேப்டாப்பில் காட்டுகிறான். எனக்கு எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அவனே பெரிதாக்கி வைத்தான், நான் கேட்கவில்லை. பதிலுக்கு நான் அவனை மெஷின் கதவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்கச் சொல்கிறேன், சத்தம் கேட்க. முதல் நாள் சிரித்தான். நேற்று நாற்பதாவது பீஸில் "அண்ணே, மாறுது" என்றான். கழற்றிப் பார்த்தோம், முனை தேய்ந்திருந்தது.

இன்னொன்று, அந்த ஜெர்மன் மேசையைப் படித்த பிறகு, தரையில் கிடந்த ஜாப் பின்னை, அதாவது பீஸ் போட்டு வைக்கும் தொட்டியை, பார்த்தேன். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு தடவை அதில் குனிகிறேன், இருபது வருஷமாக. ஸ்கிராப்பில் இருந்த ஆங்கிளை வெட்டி வெல்டர் தம்பியிடம் ஒரு ஸ்டாண்ட் அடித்து வைத்துக்கொண்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அப்புறம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, மற்ற மூன்று மெஷினுக்கும் அடிக்க எவ்வளவு ஆங்கிள் வேண்டும் என்றார். அடுத்த பேட்ச் டிரெயினிங்குக்கு என் பெயரை எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், டிஜிட்டல் வெர்னியரையும் அதே தாளில் மறுபடி எழுதினேன். வெர்னியர் வந்துவிட்டது. மற்றது வரவில்லை.

நேற்று கிளம்ப 5:10 ஆகிவிட்டது, வீட்டிலிருந்து போன்.

#28 நைட்_டியூட்டி

அண்ணே, அந்த ஸ்டாண்ட் தரையிலிருந்து எத்தனை உயரம்? எங்கள் மெயின்டெனன்ஸ் ஆளிடம் ட்ராலிக்கு அடியில் ஒன்று அடித்துத் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

#29 பழைய_டர்னர்

27 அங்குலம், நான் ஐந்தடி ஐந்து. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டு நின்று, மணிக்கட்டுக்கு நேரே அளந்துகொள்ளுங்கள் சிஸ்டர். ட்ராலி என்பதால் சக்கரத்துக்கு லாக் இருக்கிறதா என்று பாருங்கள், உயரம் ஏறினால் சாயும். அடி டிராயரில் கனமானதை வைத்து, ஐவி செட்டை மேலே மாற்றிவிட்டால் ஸ்டாண்டே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

#30 நைட்_டியூட்டி

அட.